கண் வைக்காதவை

வெள்ளவத்தையிலிருந்து வந்த விமலேந்திரன்
பன்னிரண்டு கேட்டார். முழங்கை உயரம்.
ஐயனார் மூன்று, விறுமர் மூன்று,
மிச்சம் வதனமார்.
"மாட்டுக்காரச் சாமி, அது நல்லா ஓடும்."
எங்கே ஓடும் என்று நான் கேட்கவில்லை.
முற்பணம் வாங்கின கை அது.

முள்முருக்கில்தான் செதுக்குவேன்.
பாலையை எடுத்தால் உள்ளே இரும்பு.
குமுழமுனைப் பாலைகள் எதையெதையோ விழுங்கி
மேலே பட்டையை மூடிக்கொண்டவை,
இரண்டு உளிக்கு வாய் போனது.
முருக்கு வேலிக்கு நட்டது. வளர்ந்ததே பிறகுதான்.

ஒன்றை மட்டும் முதலே சொன்னேன்:
கண் வைக்க மாட்டேன்.
மீசை வரும், தடி வரும், தோளில் வார்க்கயிறு வரும்,
நெற்றிக்குக் கீழே மழுக்கிய இரண்டு பள்ளம்.
கண் இல்லாதது சாமான், அதற்கு விலை உண்டு.
கண் திறந்தால் ஆள்.
மாடு காடேறினால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள்.
மடை போட வேண்டும்.
வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடைக்க ஏலாது.
"அது இன்னும் மொடேர்ன்" என்றார் விமலேந்திரன்.

பதினொன்றும் மஞ்சள் பூசிக் காய,
பன்னிரண்டாவதை மேசையில் நிறுத்திவிட்டு
கன்றுக்குத் தண்ணி காட்டப் போனேன்.
திரும்பி வர
நிதுர்சனா பேனாவை மூடுகிறாள்.
நீலக் கண். ஒன்று பெரிசு, ஒன்று சின்னன்.
இமைமயிர்கூட, ஐந்து ஐந்தாக.
"அவருக்கு ஒண்டும் தெரியேல்லை அம்மா, பாவம்."

அடிக்கக் கை எழும்பியது.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீவினால் போகும், அரை நூல் ஆழம்தான்.
கட்டாடியாரிடம் கேட்டால்
நாள் பார்க்கவில்லை, பிள்ளை குளிக்கவில்லை,
கணக்குப் பாடத்துப் பேனா,
செல்லாது என்பார்.
செல்லாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன்,
முகத்தைப் பார்க்காமல்.

பதினொன்று வானில் ஏறின,
பழைய பேப்பரில் தலைவரை சுற்றி.
ஒன்றுக்குரிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
துண்டில் "உடைவு" என்று எழுதினார்.

இரவு பழஞ்சோறும் தயிரும்
பூவரசம் இலையில் கொஞ்சம் வைத்தேன்.
வேறொன்றும் இருக்கவில்லை.
மந்திரம் எனக்குத் தெரியாது,
உறைக்குமெண்டால் மிளகாயைத் தள்ளிவையுங்கோ என்றேன்.

குளக்கட்டுப் பக்கம் யானை கொப்பு முறிக்கிற சத்தம்.
சின்னக் கண் படலையைப் பார்க்கிறது.
பெரிய கண் இலையை.