பதினொன்று

தியத்தலாவையில் விடாத மழை.
"ரவை பிரிக்கிறேன்" என்றேன்.
"நாளைக்கு உப்புமாவா?" என்றாள் லோகசுந்தரி,
போர்வைக்குள்ளிருந்து.

ஐம்பது ரவை, ஒரே லாட்.
தேயிலைச் சாம்பிள் நிறுக்கும் தராசை
ஃபேக்டரியில் இரவல் வாங்கியிருந்தேன்.
விளிம்புத் தடிப்புக்கு மைக்ரோமீட்டர்.
மயிரிழை கூடினாலும் வேறு டப்பா.
விரலெல்லாம் மெழுகு.
தேறியது பதினொன்று.
குளிர் படாமல் கம்பளித் தொப்பிக்குள் வைத்தேன்.

காலையில், ஐம்பது மீட்டரில்,
மூடுபனி அட்டையைத் தின்றது,
பிறகு துப்பியது.
தேறியவை எட்டிலும் ஒன்பதிலும்
அலைந்தன.
பத்தைத் தொடவில்லை ஒன்றும்.
கழித்த டப்பாவில் கைவிட்டு
பார்க்காமல் ஒன்றை ஏற்றினேன்.

நட்டநடுப் பத்து.

"அது எந்த டப்பா?"
லோகுவின் வாய் அசைவது தெரிந்தது.
காதடைப்பை நான் இன்னும் கழற்றவில்லை.