பன்றிக்கால் வேகும் நேரம்

புருவம் திருத்தும் இடுக்கியால்
பன்றிக்காலின் மயிரைப் பிடுங்குகிறாள் பீ-யுன்.
கசாப்புக்காரர் வாட்டித்தான் கொடுத்தார்.
ஆனாலும் குளம்புக்கு மேலே, மடிப்புக்குள்,
நாலைந்து இருக்கத்தான் செய்கின்றன.

கீலுங்கில் மழை. அதைச் சொல்லவே வேண்டாம்.

முதல் கொதியை நுரையோடு கொட்டியாயிற்று.
கற்கண்டு உருகிச் சிவக்கையில் கறி விழுகிறது,
பின்னாலேயே சோயா, அரிசி மது, இஞ்சி,
இரண்டே இரண்டு அன்னாசிப்பூ.
தீயைச் சிறுத்து மூடி வைத்தவள்
கடிகாரத்தைச் சுவர்ப் பக்கமாய்த் திருப்பி வைக்கிறாள்.

பதினோரு மாதம் உள்ளே இருந்து வருகிறவன்
முதலில் பன்றிக்காலும் நூல்சேமியாவும் தின்ன வேண்டும்,
பீடை அதோடு போகும் என்பார்கள்.
லாரிக்குக் குறுக்கே வந்த
அந்த ஸ்கூட்டர் பையனுக்கு எதைச் சமைப்பது என்று
யாரும் சொன்னதில்லை.

இரண்டு மணி நேரத்தில் கொழுப்பு தளதளக்கிறது.
மூன்றில், குச்சி
தோலைக் கேட்காமலே உள்ளே இறங்குகிறது.

படிக்கட்டில் காலடி.
வாசலில் நின்றது. நின்றபடியே இருந்தது.
அவளும் கரண்டியோடு நின்றாள்.
சாறு ஒரு விரற்கடை வற்றியது.

போய்த் திறந்தால் மிங்-ஷுன்,
ஈரத்தலை, கையில் சாவி.
"பூட்டவே இல்லையே."
"தெரியும்" என்றான்.
"யாராவது வந்து திறப்பாங்கன்னு…"

சேமியாவை ஒடிக்காமல் போட்டாள்.
அலமாரியிலிருந்து கிண்ணங்கள் எடுத்தாள், மூன்று.
எண்ணிப் பார்த்தான்.
கேட்கவில்லை.