கடைசிப் பத்து நொடி

ப்ளாவ்டிவ் மல்யுத்த அரங்கின் பின்வாசல்.
இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
அந்தப் பக்கம் தோற்றவர்கள் வருவார்கள்.
ஜெயித்தவர்களுக்கு வேறு வழி, வேறு விளக்கு.

டண்டீயிலிருந்து வந்திருந்தேன்.
பத்தொன்பது வருஷ வானொலி.
வாயைத் திறந்தால்
குழாய் உடைந்த மாதிரி கொட்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

மீரிம்குல் வந்தாள். ஐம்பத்தேழு கிலோப் பிரிவு.
முதுகில் கிர்கிஸ்தான்,
காதோரம் பஞ்சு,
விரல்களில் பாதி உரிந்த பிளாஸ்திரி.

கேட்டேன்:
சுவரில் முதுகு முட்டி நின்ற அந்தக் கட்டத்தில்,
அதுவும் போன வருடத் தோல்வி
தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்க,
உங்களுக்குள் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருந்தது,
அதாவது, இந்த வெள்ளி உங்களுக்கு
பாதி நிரம்பிய கோப்பையா, பாதி காலியா,
இல்லை இரண்டுமே இல்லையா?

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.
சத்தியமாகப் பார்த்தாள்.
பிறகு அண்ணாந்தாள்,
என்ன தொங்குகிறது என்று.
அப்புறம் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய
இரண்டே சொற்களை எடுத்து,
குடியேற்ற மேசையில் பாஸ்போர்ட் நீட்டுகிறவள்போல் நீட்டினாள்:
"ரொம்ப சந்தோஷம்."

கண் சிவந்திருந்தது.
ரொம்ப சந்தோஷமாம்.

டுகல்ட் உதவிக்கு வந்தான்.
அதே கேள்வி, அதே சுவர், அதே கோப்பை.
உரக்க மட்டும்.
ஒவ்வொரு சொல்லாக,
செவிடர் காதில் ஊதுகிற மாதிரி.
அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது.
கடையை இழுத்துச் சாத்தியதுபோல்
முகம் மூடிக்கொண்டது.

மொழிபெயர்க்கிற பையன்
இன்னொருத்தியோடு மருந்துச் சோதனைக்குப் போயிருந்தான்.

காலையில் இவளைப் பார்த்திருக்கிறேன்.
பயிற்சியாளரிடம் ரஷ்ய மொழியில் சண்டை,
துருக்கிக்காரியிடம் துருக்கியில் சிரிப்பு,
தொலைபேசியில் வேறொன்றில் தாலாட்டு மாதிரி ஏதோ.
எனக்குத் தெரிந்தது ஒரே மொழி.
அதிலும் நேராக ஒரு கேள்வி வரவில்லை.

மைக்கை இறக்கினேன்.
எடை பார்க்கும் காலையில் இவர்கள் தங்களுக்குச் செய்துகொள்வதை
என் கேள்விக்குச் செய்தேன்.
நீரை வற்ற விட்டேன்.
தோடு, மோதிரம் கழற்றினேன்.
கடைசி ஐம்பது கிராமுக்கு
முடியைக்கூடக் கத்தரிப்பார்களாம்;
கத்தரித்தேன்.
தராசில் ஏறி நின்றது இவ்வளவுதான்:

"கடைசிப் பத்து நொடி. என்ன நடந்தது?"

அவள் யோசித்தாள்.
நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
அது எவ்வளவு பெரிய வேலை என்று
வானொலிக்காரர்களைக் கேளுங்கள்.
நான்கு. ஐந்து.
டுகல்ட் என் விலாவில் இடித்தான்.
ஆறு.

தடுப்பைத் தாண்டி ஒரு கை வந்து
என் இடது மணிக்கட்டைப் பிடித்தது.

"இங்கே. நான் பிடிக்கிறேன்.
அவள் கை..." சொல் தேடினாள், "தண்ணீர். மீன்.
நான் நினைக்கிறேன், முடிந்தது.
கடிகாரம் பார்க்கிறேன்.
ஒரு தடவை."

என் கை அவள் பிடியிலிருந்து
வழுக்கி வெளியே வந்தது.
எப்படி என்று எனக்குத் தெரியவில்லை,
நான் இழுக்கவே இல்லை.

"பார்க்கக் கூடாது," என்றாள்.
அந்தப் 'கூடாது' அவ்வளவு சுத்தமாக இருந்தது.
சின்ன வயதிலிருந்து
எத்தனை மொழிகளில் கேட்டிருப்பாளோ அதை.

அடுத்து ஒரு ஜார்ஜியாக்காரர்.
பழைய வாய் தானாகத் திறந்து
மலை, பள்ளம், முட்டுச்சந்து என்று கிளம்பியது.
பாதியில் கடித்து நிறுத்தினேன்.
பாவம், அவர் ஏற்கெனவே
"ரொம்ப சந்தோஷம்" என்று தொடங்கியிருந்தார்.

இரவு ஒலித்தொகுப்பாளர் அழைத்தார்.
ஆறு நொடி வெறுமை, வெட்டிவிடட்டுமா?
வேண்டாம்.
அதற்கப்புறம் ஏதோ உரசுகிறதே,
மைக் பழுதா?

என் கோட்டின் கை, என்றேன்.
அதையும் விட்டு வையுங்கள்.