வாசல் அந்தத் தெருவில்

காரைக்குடியில் இறங்கியதும்
கைப்பையின் வார் அறுந்தது.
ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டேன்.
ஈப்போவிலிருந்து இத்தனை தூரம் வந்தவள்
ஒரு வாருக்காகவா சோர்வாள்.

விடுதிக்காரர் கேட்டார்: தனியாவா?
தனியாத்தான்.
பதிவேட்டில் ‘நபர்கள்’ கட்டத்தில்
ஒன்று என்று போட்டுவிட்டுப்
பேனாவை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார்,
பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும் என்பதுபோல.

ஏடிஎம் என் அட்டையை நக்கிப் பார்த்துத் துப்பியது.
அடுத்ததும் துப்பியது.
மூன்றாவதற்குள் ஒரு நாய்
குளிர்சாதனத்துக்கு நேர்கீழே படுத்திருந்தது.
எழுப்ப மனம் வரவில்லை.
சரியாகச் சொன்னால், துணிச்சல் வரவில்லை.
கையில் இருந்தது நூற்று அறுபது ரூபாய்.

மெஸ் வாசலில் ஒருவர்
“பசியாற வந்தீங்களா?” என்றார்.
எங்கள் வீட்டுச் சொல்!
கடலுக்கு அந்தப் பக்கம் நாங்கள் மட்டும்தான்
அப்படிச் சொல்கிறோம் என்றிருந்தேன்.
உறவைக் கண்டதுபோல் சிரித்துக் காலை உள்ளே வைத்தேன்.
“முடிஞ்சிருச்சு” என்றார்.

பிறகு மினி பஸ், கானாடுகாத்தான்.
நடத்துநர் சேவுகன் மீதி ஏழு ரூபாயைச்
சீட்டின் முதுகில் எழுதித் தந்தார்.
அவரும் கேட்டார், தனியாவா.

கைபேசியின் நீல அம்பு இழுத்துப்போய்
ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் முட்டவிட்டது.
கதவு. பூட்டு.
பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு.
ஓர் ஆடு தேர்தல் சுவரொட்டியில்
சின்னம் வரை தின்றிருந்தது.
“வாசல் அந்தத் தெருவுல” என்றாள்
துணி உலர்த்தியவள்,
அந்தத் தெரு ஏதோ அடுத்த அறை என்பதுபோல.

இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி
மறுதெருவில் முடிகிறது.
நடுவில் மதில், வெயில், மதில்,
மூடாத ஒரு சாக்கடை, மதில்.
சுற்றி வந்தேன்.
‘பார்வையிட அழைக்கவும்’ என்றொரு அட்டை.
கடைசி இலக்கம் மழையில் கரைந்திருந்தது.
ஏழு என்று அழைத்தேன்:
புதுக்கோட்டையில் ஒரு பேக்கரி.
ஒன்பது என்று அழைத்தேன்:
பூட்டிய கதவுக்கு அப்பால்,
எந்தக் கட்டிலோ, மணி அடித்தது.
அடித்து அடித்து ஓய்ந்தது.

இரண்டாம் வீட்டிலும் அம்பு பின்கதவைக் காட்டியது.
மூன்றாம் வீட்டிலும்.
செட்டிநாட்டுக் கொல்லைக் கதவுகளைப் பற்றி
யாருக்காவது விவரம் வேண்டுமென்றால் என்னைக் கேட்கலாம்.

நான்காவது வீட்டின் முன்வாசலே திறந்திருந்தது.
வாழைமரம், சரவிளக்கு, ஜெனரேட்டர் லாரி.
“ஷூட்டிங்மா, ஓரமாப் போங்க.”
ஓரத்தில் ஒரு வரிசை நின்றது. நின்றேன்.
டோக்கன் தந்தார்கள், வாங்கினேன்.
பொட்டலத்தில் தயிர்சாதம், நார்த்தங்காய்.
பாதி தின்றபோதுதான் விளங்கியது,
நான் கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தி.
சொல்லியிருக்கலாம்.
வாயில் சோறு இருந்தது.

தொப்பி போட்ட பையன் ஒருவன் வந்தான்.
“யார் கூட நீங்க? தனியாவா?
தனியா வர்ற மாதிரி வேணாமே”
என்று ஜரிகை வேட்டிக்காரர் ஒருவரைப்
பக்கத்தில் நிறுத்தினான்.
சவரிமுத்து, தேவகோட்டையில் ஜெராக்ஸ் கடை.
“ஏதாச்சும் பேசிக்கிட்டே நடங்க.”
அவர் “ஒண்ணு ரெண்டு மூணு நாலு” என்றார்.
நான் “அஞ்சு ஆறு” என்றேன்.
அவர் யோசித்து “ஏழு” என்றார்.
குடும்பம் என்றால் இப்படித்தான் போலும்.

படி ஏறி, நிலை தாண்டி, இரண்டு எட்டு.
கட்.
மறுபடி தெரு.
தேக்குத் தூண் ஒன்றின் இடுப்புவரை தெரிந்தது.
அண்ணாந்தேன்.
“அக்கா, மேல பாக்காதீங்க!
பாத்துப் பழகுன வீடு மாதிரி வாங்க.”

பார்க்கத்தானே வந்தேன், தம்பி.

அடுத்த தடவை பழகிய முகத்தோடு போனேன்.
தூண் எதுவும் இல்லை, சவரிமுத்துவின் காது மட்டும்.
அதற்கடுத்த தடவை வெளிச்சம் போய்விட்டது.

கையெழுத்துப் போடச் சொல்லி முந்நூறு ரூபாய் தந்தார்கள்.
அந்த ஊரில் எனக்குப் பணம் தந்த முதல் எந்திரம்
அந்த மனிதர்தான்.

திரும்பும் பஸ்ஸிலும் சேவுகன்.
ஏழு ரூபாயை மறக்காமல் எண்ணித் தந்து,
“பங்களால்லாம் பாத்தாச்சா?” என்றார்.
வீட்டுக்காரரோடு பார்த்தேன் என்றேன்.
பின்னால் எட்டிப் பார்த்தார், எங்கே அவர் என்று.
பள்ளத்தில் பஸ் குதித்ததில்
ஊக்கு திறந்துகொண்டு
விலாவில் குத்தியது.