கழித்தல் நாற்பத்தொன்று

குதாயிசியில், ரியோனி ஆற்றுக்கு இந்தக் கரையில்,
இருநூற்றுப் பத்து நாற்காலி போட்ட ஓர் அரங்கு.
அதன் விளக்குப் பலகைக்கு நிரல் எழுதியவன் நான்.
பழைய இரும்புப் பெட்டியை விற்றுவிட்டு
தொடுதிரை ஒன்று வாங்கியிருந்தார்கள்.
திரையில் பன்னிரண்டு தடங்கள்,
தடத்துக்கு ஒரு குமிழ்.
வலப்பக்கம் இழுத்தால் வெளிச்சம், இடப்பக்கம் இருட்டு.
இவ்வளவுதானே என்று முன்பணம் வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை.
ஜுஜுனா கடிதத்தோடு ஜன்னலோரம் போகும்போது
மெல்ல அணைய வேண்டும் ஏழாவது விளக்கு.
சியாலா இழுத்தாள். அணைந்தது.
தடம் முடிந்தது, குமிழ் முடியவில்லை.
அரங்கின் பெயரை எழுதி
அழகுக்காக நான் வரைந்திருந்த கறுப்புப் பட்டைக்கு
அடியில் புகுந்து
போயே போய்விட்டது.

கழித்தல் நாற்பத்தொன்று, என்றது பதிவேடு.
இருட்டுக்கும் கீழே நாற்பத்தொரு படி இருட்டு.
உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது.
என் நிரலில் இருந்தது.

சியாலா பட்டையின்மேல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.
வீட்டுச் சாவியைத் தொலைத்தவனைப் பார்ப்பதுபோல் என்னையும்.
இயக்குநர் மமூகா சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு
வாயைத் திறப்பதற்குள்
மேடையிலிருந்து குரல் வந்தது.
ஜுஜுனா வசனத்தை விடவில்லை.
ஜன்னல் எங்கே என்று கையால் தடவிக்கொண்டே
கடிதத்தை வாசித்து முடித்தாள்,
இல்லாத வெளிச்சத்தில்.

அன்றிரவு வாடகை அறையில் உட்கார்ந்தேன்.
ஒரே வரி வேலை. அதிலும் ஒரு கோணல்:
மேலே போகாதே என்பதற்கு
'இரண்டில் சிறியதை எடு' என்று எழுத வேண்டும்.
கீழே போகாதே என்பதற்கு
'இரண்டில் பெரியதை எடு'.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்,
முதல் தடவை மாற்றித்தான் எழுதுவேன்.
பன்னிரண்டு குமிழும் ஓடிப்போய்
வலது கோடியில் ஒட்டிக்கொண்டு
வர மாட்டேன் என்றன.
அதைச் சரிசெய்தால்
குமிழின் பாதி அகலத்தைக் கழிக்க மறந்திருந்தேன்:
கதவு சாத்தாத வேனில் கடைசியாய் ஏறியவன்போல்
பாதி உடம்பு வெளியே.

இரண்டு மணிக்கு வரம்பு கட்டி முடிந்தது.

விரலுக்கு யார் கட்டுவது?
அது தடத்தைத் தாண்டும்,
பட்டையில் ஏறும்,
அரங்கின் பெயரில் மூன்றெழுத்து கடக்கும்.
குமிழ் கோடியில் நிற்கும்.
திரும்பும்போதுதான் வம்பு:
விரல் அசைந்ததுமே குமிழ் கிளம்பிவிடலாமா,
இல்லை, தன்னை விட்டுப்போன இடத்துக்கு
விரல் வந்து சேரும்வரை நிற்க வேண்டுமா?

முன்னது எழுதச் சுலபம்.
ஆனால் அதற்குப்பின்
விரல் ஓரிடம், குமிழ் ஓரிடம்;
சேர்ந்து நகர்வதுபோல் இருக்கும்,
தொட்டுக்கொண்டிருக்காது.
அப்படி ஒரு வீட்டில் நானும் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன்.
நிற்கட்டும், என்று எழுதினேன்.

புதன்கிழமை.
மேடையைப் பார்த்தபடியே சியாலா விரலைத் திருப்பினாள்.
வெளிச்சம் வரவில்லை.
"மறுபடியுமா?"
"இன்னும் வா."
"எங்கே?"
"நீ விட்ட இடத்துக்கு."
விரல் வந்தது. குமிழில் பட்டது.
ஜுஜுனாவின் செருப்பு முதலில் தெரிந்தது, பிறகு முழங்கை.
"ம்," என்றாள் சியாலா.
எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

மமூகாவுக்கோ செவ்வாய்க்கிழமை வேண்டும்.
"அந்தக் கடிதம் இருட்டிலேயே இருக்கட்டும்.
அந்த இருட்டைத் திரும்பக் கொடு."
"சைபர் தருகிறேன். அதற்குக் கீழே கிடையாது."
"அன்றைக்கு இருந்ததே?"
மின்விளக்குக்கு அது தெரியாது என்றேன்.
நம்பவில்லை அவர்.

முதல் காட்சி. அரங்கம் முக்கால் நிறைந்திருந்தது.
ஏழாவது குமிழ் சைபரில் நின்றது.
இருட்டுக்குள் காகிதம் பிரியும் சத்தம்.
நான் சியாலாவின் கையைப் பார்த்தேன்:
பட்டைமேல் போய்க்கொண்டிருந்தது விரல்,
மூன்றாம் எழுத்து, நான்காம் எழுத்து,
ஜுஜுனா ஒவ்வொரு வரி சொல்லச் சொல்ல
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.