முப்பத்தோராம் ஒட்டு

ரோமான்ஸ்ஹோர்ன் கப்பல் பட்டறையில்
பதினொரு மாதம் முகமூடிக்குள் இருந்து
இந்த இரும்பு வீட்டை ஒட்டி முடித்தேன்.
ஒன்பது மீட்டர் நீளம், நாலு கட்டில், ஒரு கழிப்பறை,
தரையில் கதவில்லாத ஒரு வாசல்.
"கட்டினவர் முதலில் ஒரு கிழமை படுத்துக் காட்டட்டும்"
என்றாள் ஃப்ளூரினா. பகிடிக்குத்தான்.
காப்புறுதிக்காரர் அந்தப் பகிடியைக்
கடிதமாக்கிவிட்டார்கள்.

ஆகவே இப்போது
போடன்சே ஏரியில் பதினாலு மீட்டர் ஆழத்தில்
என் வேலையையே பார்த்தபடி
மல்லாந்து கிடக்கிறேன்.

இங்கே விசில் வராது. காற்று அவ்வளவு தடிப்பு.
சோடாவைத் திறந்தால் சத்தமே இல்லை.
மேலிருந்து வந்த ஜாம் போத்தலின் மூடி
உட்குழிந்து கவ்விக்கொண்டது,
ஆணியால் குத்தித்தான் திறந்தோம்.
நாக்கு பாதி உறங்கிவிடுகிறது.
மேலே மிளகுக்கே இருமும் பேயாட்
நாலாம் நாள்
சீஸ் வைத்த பாணில் என் மிளகாய்த்தூளைக் கொட்டுகிறான்.

பகலில் அவர்கள் சிப்பி எண்ணுவார்கள்.
கருங்கடல் பக்கத்திலிருந்து எந்தப் படகடியிலோ
தொற்றிக்கொண்டு வந்த குவாக்கா சிப்பி.
படிவத்தில் அதன் பெயருக்கு நேரே
'வந்தேறி இனம்' என்று ஒரு கட்டம்.
பேயாட் அதில் புள்ளடி போடும் நேரம் பார்த்து
நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

ஐந்தாம் இரவு,
முப்பத்தோராம் ஒட்டின்மேல் ஒரு துளி.

அதை ஒட்டியது ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை.
மகளின் நீச்சல் சோதனைக்கு ஓடவேண்டியிருந்தது.
எக்ஸ்ரே 'சரி' என்றது.
பக்கத்திலேயே என் முத்திரை, ஏழாம் எண்.

விரலில் எடுத்து நக்கிப் பார்த்தேன்.
கடலென்றால் உப்பு காட்டிக்கொடுத்திருக்கும்.
ஏரிக்கும்
இரும்பில் வேர்க்கும் எங்கள் மூச்சுக்கும்
ஒரே ருசி. ருசியின்மை.

பிறகுதான் மூளை எழும்பியது.
உள்ளிருக்கும் காற்றுதான் தரை வாசலில்
ஏரியைக் கைகட்டி நிற்க வைத்திருக்கிறது.
கூரையருகே வெளியைவிட உள்ளே அழுத்தம் கூட.
விரிசல் இருந்தால் தண்ணீர் வராது,
நாங்கள்தான் போவோம், குமிழி குமிழியாக.
துளி நிரபராதி.
ஒட்டைப் பற்றி இன்னும் சொல்வதற்கில்லை.

பேயாட்டை எழுப்பி வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு
காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.
ஒன்பது பாகைக் குளிர்.
டார்ச் வெளிச்சத்துக்குள் ஒரு மீன் வந்து,
ஆர்வம் போய், திரும்பியது.
முப்பத்தொன்றைத் தடவித் தேடவேண்டியிருந்தது.
வசந்தத்தில் இறக்கிய வீடு.
அதற்குள் மிளகளவுச் சிப்பிகள் அதில் குடியேறிவிட்டன,
படிவம் எதுவும் நிரப்பாமல்.
அவற்றுக்கு நடுவே, வெறும் இரும்பில்,
ஒரு குமிழி ஊறி, உப்பி, தயங்கி, கழன்றது.
எண்ணினேன்.
பத்தொன்பதில் அடுத்தது.

விரல் வைத்தேன், நின்றது.
எடுத்தேன், வந்தது.

மேலே போகப் போக அது பெருக்கும்.
ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் படகு கட்டியிருக்கும் பக்கம்
யாரும் பார்க்காமல் வெடிக்கும்.
நாலு பேரின் மூச்சுக்கு ஊர் ஒரு நிமிடத் தூரம்.
எங்களுக்கு, அழுத்தம் இறங்க,
பதினேழு மணித்தியாலம்.

தொலைபேசியில் சொன்னேன்.
மேலே யாரோ கொட்டாவியோடு கணக்குப் பார்த்தார்:
"நாளைக்கு ஒரு தேநீர்க் கோப்பை காற்று.
தாங்கும், வாகீசன். எழுதி வையுங்கள்."

பதிவேட்டில் ஒட்டின் எண், நேரம், இடைவெளி.
கடைசியில் 'காரணம்'.
'தெரியவில்லை' என்று எழுதுவது வழக்கம்,
யாரும் திரும்பக் கேட்பதில்லை.
பேனையைக் கொஞ்சநேரம் உதறிக்கொண்டிருந்தேன்,
மை இருந்தும்.
பிறகு எழுதினேன்:
வெள்ளி, நாலரை, அவசரம். ஏழாம் எண்.

மகள் அன்று ஐம்பது மீட்டர் நீந்தித் தேறினாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

படுத்தேன். பதினாறு வரை எண்ணியிருப்பேன்,
நிரபராதித் துளி கழன்று
காதோரம் விழுந்தது,
குளிராக.