ஒன்றேகால் மில்லிமீட்டர்

முதல் ஸ்கேனரின் பிலிம் சட்டத்துக்கு நான்கு கால்கள்.
மூன்று உயரங்களில் வைக்கலாம் என்கிறது கையேடு.
மூன்றும் தப்பு.
சரியான உயரத்தை நானே கண்டுபிடித்தேன்,
தார்த்து நகரத்து ஜனவரி இரவொன்றில்:
காலுக்கு ஒன்றாக நான்கு சென்டி நாணயங்கள்,
யூரோ வந்தபின் கடைக்காரர்கள் வாங்க மறுத்தவை.
ஒன்றேகால் மில்லிமீட்டர்.
செல்லாக்காசு என்று எதையும்
என்னிடம் இனி யாரும் சொல்லவேண்டாம்.

அப்படியும் பிலிம் தொய்கிறது.
ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகடிவ்
நடுவில் தொப்பை போடுகிறது.
ஓரங்களை இறுகப் பிடித்த பிளாஸ்டிக்
நடுவைப் பற்றி யோசித்ததேயில்லை.
காது துல்லியம், மூக்கு மூட்டம்.

இரண்டாவதை என் காரை விற்று வாங்கினேன்.
பிலிமை இரு கண்ணாடிகளுக்கு இடையே படுக்கவைக்கும்.
அதன் வடம் இப்போது யாரும் செய்யாத வடம்.
அந்த வடத்தின் பேச்சு புரிகிற கணினி
ஒன்றே ஒன்று மிச்சம்;
இணையம் காட்டாமல், எதையும் புதுப்பிக்காமல்,
பத்தியம் வைத்துக் காக்கிறேன்.
ஒரு படத்துக்குப் பதினொரு நிமிடம்,
நாய் எலும்பு கடிக்கிற சத்தத்தோடு.

மூன்றாவதை ஸ்கேனர் என்று சொல்லவே கூச்சம்:
ஒரு கேமரா, ஒரு கம்பம், ஒரு விளக்குப்பலகை.
படமோ சதுரம், சென்சர் நீள்சதுரம்.
இரண்டாக எடுத்து ஒட்டவேண்டும்.
தெருமுனையில் ஏழாம் எண் பஸ் திரும்பினால்
ஒட்டின இடத்தில் ஆளுக்கு மூன்று காது.

கலிஸ்த்ராத் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடுகிறவர்.
ஒரே ஒரு ரோல், பன்னிரண்டு படங்கள்,
கழுவியபடியே சுருட்டி
முப்பது வருஷம் ரொட்டி டப்பாவில் கிடந்தது.
எட்டாவதில் அவர் தம்பி மிரோன்
உறைந்த ஏரியின்மேல்
துளையிடும் கருவியை ஊன்றி நிற்கிறான்.
பின்னால் வெள்ளை. அதற்கும் பின்னால் வெள்ளை.

இரண்டாவதில் போட்டேன்.
திரையில் ஏரியெங்கும் வளையங்கள்.
பிலிமும் கண்ணாடியும்
தொட்டும் தொடாமலும் கிடக்கிற இடத்தில்
ஒளி தன்னோடு தானே மோதிக்கொண்ட ரேகைகள்.
நியூட்டன் வளையம் என்பார்கள்.
சொரசொரப்புக் கண்ணாடி பொருத்தியிருந்தால் வராது;
அதைத் தனியாக விற்றார்கள்,
என் ஒரு மாத வாடகைக்கு.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் விரல் திரையைத் தொட்டுவிட்டது.
"இங்கேதான்" என்றார்.
"இங்கேதான் மெலிசு என்று சொன்னேன்.
மார்ச் மாதம். கேட்கவில்லை."

விளக்கினேன்.
இது பனிக்கட்டி இல்லை, காற்று.
ஏரி இல்லை, என் கண்ணாடி.
படம் எடுத்தபோது இது எதுவும் அங்கே இல்லை.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"இடைவெளி எங்கே மெலிசோ அங்கே வரும், அப்படித்தானே?"
ஆமாம் என்றேன்.
"அப்போ சரிதான்."

மறுநாள் திரவம் பூசி, குமிழி தள்ளி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தேன்.
ஒரு வளையம் இல்லை.
மிரோனின் பூட்ஸ் வாரில் தொங்கும் நூல்வரை தெரிந்தது.
ஏரி, துடைத்துக் கவிழ்த்த தட்டு.
இந்த இயந்திரம் பெற்றதிலேயே நல்ல ஸ்கேன் இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.
வெகுநேரம் பார்த்தார்.
"இதில் அவன் திரும்பி நடந்து வரலாம்" என்று
சுத்தமானதைக் காட்டினார்.
அதற்கு மட்டும் காசு கொடுத்தார்,
கூடவே ஒரு சரம் வெங்காயம்.

மற்றதை அழிக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மணி ஐந்து. ஒன்பதாவது படம் பாக்கி:
ஆளில்லாத ஏரி, ஓரத்தில் ஒரு பை.
இதற்கு முதலாவதே போதும் என்று
நாணயங்களைத் தேடுகிறேன்.
மூன்றுதான் இருக்கின்றன.